சனிக்கிழமைக்குள் கொஞ்சம் சதை

ஆறாவது உடையும் குச்சியைக் கைவிட்டது.

“கொடியில காயப்போட்ட மாதிரி இருக்குல்ல?” என்று குச்சி கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்கு, இந்தக் கேள்விக்கு ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு என்பது பதினாறு வருட அனுபவத்தில் தெரியும். “நல்லா நேரா இருக்கு” என்றார். அவர் குழாய் பொருத்துகிறவர். அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நேராக இருப்பதுதான் குச்சியின் பிரச்சினையே. பள்ளிக்கூடத்தில் வைத்த அந்தப் பெயர் நாற்பது வயது வரைக்கும் கூடவே வந்துவிட்டது. அதில் அவளுக்கு வருத்தம் இல்லை, பொய்யில்லாத பெயர்தானே. தோள், இடை, இடுப்பு மூன்றும் ஒரே அளவு. மூலை என்று ஏதாவது இருந்தால் அது தோள்பட்டை எலும்பிலும் முழங்கையிலும்தான். தெருமுனைத் தையல்காரர் அவளுக்கு அளவெடுக்கும்போது மேலே ஒரு எண்ணை எழுதிவிட்டு, கீழே இரண்டு வரியிலும் ‘மேற்படி’ என்று போட்டுவிடுவார்.

இத்தனை வருடமும் அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. நேரான சட்டை, நேரான பாவாடை என்று மாட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் காலை வைக்கும்போதே அவர் முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். வட்ட முகத்துக்குச் சதுரம், சதுர முகத்துக்கு வட்டம், நீள முகத்துக்கு அகலம். ஊரார் முகத்துக்கெல்லாம் வழி சொன்னவளுக்குத் தன் உடம்புக்கு ஒரு வழி தெரியவில்லை என்பது அந்த வியாழக்கிழமை சாயங்காலம்தான் தெரியவந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் மகராசியைப் பார்க்கப் போகிறாள்.

மகராசி யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் குச்சியின் ரத்தம் கெட்டுப்போனது. வேறொருவருடைய எலும்பு மஜ்ஜை அணுக்களை ஏற்றினால்தான் பிழைப்பாள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அண்ணன், தம்பி, ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர் என்று அத்தனை சொந்தத்தையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. கடைசியில் பதிவேட்டில் எங்கோ இருந்த, முகம் தெரியாத ஒரு பெண்ணுடையது பொருந்தியது. அவள் வந்து, நாலு மணி நேரம் கையை நீட்டிப் படுத்து, கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருடத்துக்குப் பெயரும் ஊரும் சொல்லக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் வீட்டில் அவளுக்கு மகராசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குச்சி மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினால் மகராசி புண்ணியம். தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால் மகராசி புண்ணியம். குச்சி சண்டைக்கு வந்தால்கூட, இது மகராசி ரத்தம், நம்முடையது இவ்வளவு சூடு கிடையாது என்று கணவர் ஒதுங்கிக்கொள்வார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் முதல் தடவை சண்டை போட்ட அன்று, இந்தக் குரல் மறுபடியும் வீட்டில் கேட்கிறதே என்று குளியலறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தவர் அவர்.

இப்போது இரண்டு வருடமும் முடிந்து, இரண்டு பக்கமும் சம்மதம் கேட்டு, நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னோடியாக மகராசியிடமிருந்து நாலு வரியில் ஒரு கடிதம் வந்திருந்தது. மூன்று வரியைப் படித்துவிட்டு குச்சி அழுதாள். நாலாவது வரியைப் படித்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். அந்த நாலாவது வரியில், ‘இப்போது உடம்பு நன்றாகத் தேறி, சதை போட்டு, கண்ணுக்கு நிறைவாக இருப்பீர்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை’ என்று எழுதியிருந்தது.

குச்சி தேறித்தான் இருந்தாள். நோய்க்கு முன்னால் என்ன எடையோ அதே எடைக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அந்த எடை குச்சியின் எடை. முன்பின் பார்த்திராத ஒருத்தி முதல்முறையாகப் பார்த்தால் நோயாளி என்றுதானே நினைப்பாள்.

“குடுத்ததெல்லாம் வீணாப்போச்சேன்னு அவங்க மனசு உடைஞ்சிடும்” என்றாள் குச்சி. “அந்த நினைப்போட அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள எனக்குக் கொஞ்சம் சதை வேணும்.”

இரண்டு நாளில் சதை போடுகிற வழி கணவருக்குத் தெரியவில்லை. தங்கச்சியைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். அன்றைய தினம் அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

நாத்தனார் அரை மணியில் வந்து நின்றாள். ஒரு கையில் பை, ஒரு கையில் ஃபோன். அண்ணியைச் சுற்றி ஒரு வலம் வந்து பார்த்துவிட்டு, ஃபோனைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தாள். உலகத்தில் பெண்களின் உடம்பு மொத்தம் ஐந்து வகையாம். அதில் ஆப்பிள், பேரிக்காய் என்று பழத்தின் பெயரெல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட, அண்ணிக்கு மிஞ்சியது செவ்வகம்.

“செவ்வகம்னா ஒண்ணும் குறைச்சல் இல்லை அண்ணி. இல்லாத இடுப்பை இருக்கற மாதிரி காட்டணும், அவ்வளவுதான்.”

அதற்கு மூன்று விதிகள் இருந்தன. நடுவில் இறுக்க வேண்டும். மேலே அடுக்கடுக்காகச் சுருக்கு வைக்க வேண்டும். கீழே விரிய வேண்டும். முதல் விதிக்காக நாலு விரல் அகலத்தில் ஒரு பெல்ட்டைப் பையிலிருந்து எடுத்தாள். கடைசி ஓட்டையில் மாட்டியும் பெல்ட் நிற்கவில்லை. கணவர் டிரில்லரை எடுத்துவந்து புதிதாக ஓர் ஓட்டை போட்டார். பிறகு இன்னொன்று. நாலாவது ஓட்டையில் பெல்ட் இறுகியது. குச்சி மூச்சை வெளியே விட்டதும் தொடைவரைக்கும் இறங்கி நின்றது. பிடிமானம் என்று ஒன்று இருந்தால்தானே நிற்கும்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். “பார்சல் மாதிரி இருக்கேன்” என்றாள்.

விலாசம் மட்டும் எழுத வேண்டியதுதான் பாக்கி என்று கணவர் வாய்க்குள் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. மகராசியின் ரத்தம் கொஞ்சம் கொதித்தது. பெல்ட் பைக்குள் திரும்பிப் போனது.

இரண்டாவது விதியை வெள்ளிக்கிழமை கடையிலேயே ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவானது. நாத்தனார் தன்னுடைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் மூன்றடுக்குச் சுருக்கு. பத்தடிக்கு முன்னால் சுருக்கு வரும், பின்னால் குச்சி வருவாள். காலையிலேயே அது சுழலும் ஃபிரேம் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டது. அவள் ஒருபக்கம் திரும்ப, ஸ்டாண்டு கூடவே திரும்ப, இருபத்தி மூன்று ஃபிரேம்கள் தரையில் கிடந்தன.

பதினொரு மணிக்குப் புதுக் கண்ணாடி வாங்கிப்போக ஒரு பெரியவர் வந்தார். குச்சி கண்ணாடியை மாட்டிவிட்டு, சரியாகத் தெரிகிறதா என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“பவர் தப்பும்மா. உன்னைப் பார்த்தா ரெண்டு பேராத் தெரியுது.”

ஒரு நொடி குச்சிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளி பெரியவரை உட்கார வைத்து இரண்டு தடவை கண்ணைச் சோதித்தார். எண்ணில் ஒரு குற்றமும் இல்லை. பிறகு கோளாறு எங்கே என்று புரிந்துகொண்டு, கண்ணியமான மனிதர் என்பதால் ஒன்றும் பேசாமல், சோதனை அறையின் வெள்ளைக் கோட்டை எடுத்துவந்து குச்சியிடம் கொடுத்தார். பெரியவருக்கு உடனே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

சாயங்காலம் அவள் நேராகத் தையல்காரரிடம் போனாள். விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொன்னாள். முப்பது வருடமாக, இங்கே மறையுங்கள், அங்கே மறையுங்கள் என்று கேட்டு வந்தவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நன்றி சொல்வதற்காகச் சதை கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். கையில் இருந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, மேலே பிடித்தமாகவும் கீழே விரிவாகவும் இருந்த ஒரு நீலக் கவுனை எடுத்தார். தோளுக்கு வைக்கும் பஞ்சுப்பட்டை அவரிடம் இருந்தது, வைத்துவிட்டார். இடுப்புக்கு வைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி மெத்தைக்காக வாங்கிவைத்திருந்த ஸ்பாஞ்சை வெட்டி, இரண்டு பக்கமும் பின்பக்கமும் உள்ளே வைத்துத் தைத்தார். பாசத்தில் கொஞ்சம் தாராளமாகவே வெட்டிவிட்டார்.

வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு குச்சி கூடத்துக்கு வந்தபோது, கதவைத் திறந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “உள்ள வரலாங்களா?” என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் குச்சிக்கு ஒரு முன்பக்கம், ஒரு பின்பக்கம், இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு எல்லாம் இருந்தன. கணவர் சுற்றி வந்து பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“உன்னை உன்னை மாதிரியே பார்த்தா அவங்களுக்குப் போதும்னு தோணுது” என்றார்.

“நான் திருப்பிக் குடுக்கறதுக்கு வேற என்ன இருக்கு, சொல்லுங்க. நல்லாயிட்டேன்னு காட்டறது ஒண்ணுதான். அதையாவது நிறையக் காட்டறேனே.”

இரண்டு வருடமாக அவரும் மகராசிக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவர்தான். இலவசமாகக் குழாய் மாற்றித் தரலாம் என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றியதில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் ஒரு மழை பெய்து நின்றிருந்தது. பஸ் வருவதாகத் தெரியவில்லை. நின்று களைத்துவிட்டால் முகம் வாடிவிடும் என்று குச்சி நிறுத்தத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சின் பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டாலும் ஈரம் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. நடுவில் மூன்று விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு இருந்தது. அது தன் வேலையைச் செய்தது. பதினைந்து நிமிடத்தில் பெஞ்சு காய்ந்துவிட்டது.

பஸ்ஸில் ஏறும்போதே உடம்பு கனமாக இருந்தது. “மனசு கனக்குதுங்க” என்றாள் கணவரிடம். இருக்காதா பின்னே என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், தரை துடைக்கும் மாப்புக் கட்டையோடு ஒரு துப்புரவுப் பணியாளர் அம்மா அவள் விட்டுவந்த ஈரக் கோட்டைத் துடைத்தபடியே பின்னால் வந்துகொண்டிருந்தார். குச்சி வலப்பக்கம் திரும்பினால் அவரும் வலப்பக்கம் திரும்பினார். ஆஸ்பத்திரியில் இதைவிட மோசமானதையெல்லாம் துடைத்தவர்.

கொடையாளர் பிரிவு அலுவலர் எதிர்கொண்டு அழைக்க வந்தார். கவுனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். முகத்திலிருந்த புன்னகை அப்படியே நிற்க, கணவரைத் தனியாக அழைத்து, இந்த நீர்வீக்கம் எத்தனை நாளாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று விசாரித்தார். கணவர் உண்மையைச் சொல்வதா, மனைவியின் மானத்தைக் காப்பாற்றுவதா என்று திணறி, “நேத்து சாயங்காலத்திலேருந்துதான்” என்றார். ஒரே நாளில் இவ்வளவா என்று அலுவலர் பதறி, சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிட்டார்.

குச்சி எதைக் காட்ட வந்தாளோ, அதற்கு நேர் எதிராக, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் மகராசியின் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். எல்லா நோயாளிகளும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அலுவலர் கையைப் பிடித்தார். குச்சி கையை உதறிக்கொண்டு நடையைக் கட்டினாள். அவள் பின்னால் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் அலுவலர், அவருக்குப் பின்னால் கணவர், எல்லோருக்கும் பின்னால் மாப்புக் கட்டை. இந்த ஊர்வலம்தான் சந்திப்பு அறைக்குள் நுழைந்தது.

சின்ன அறை. வட்ட மேசை, ஆறு நாற்காலி, ஒரு ஜாடித் தண்ணீர். ஒரு நாற்காலியில், மடியில் ஒரு பெண்ணின் கைப்பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் நின்றிருந்த பெண் திரும்பினாள்.

குச்சியின் கால்கள் அப்படியே நின்றன. அந்தப் பெண்ணின் தோள், இடை, இடுப்பு மூன்றும் ஒரே கோடு. தோளில் இரண்டு மூலை. வெள்ளைச் சட்டை நேராக இறங்கியது, சாம்பல் நிறக் கால்சட்டை அதைவிட நேராக இறங்கியது. இழுத்துக் கட்டவும் இல்லை, சுருக்கி வைக்கவும் இல்லை. வாசலில் வரும்போதே பொருத்தம் சொல்கிற கண் குச்சிக்கு. அந்தக் கண்ணால் பார்த்தாள். மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. ‘இந்த உடம்பு வெளியிலேருந்து பார்த்தா இவ்வளவு அழகாவா இருக்கும்?’ என்று நாற்பது வயதில் முதல் தடவையாக நினைத்தாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன், இன்றைக்கு லீவு, அதனால் அவசரமில்லை என்று அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அடுத்த நொடி இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வேன் ஓட்டுகிற கைகளுக்கு நல்ல பலம். அழுத்தின அழுத்தலில் ஸ்பாஞ்சு குடித்ததையெல்லாம் கக்கியது. இருவருடைய செருப்பும் நனைந்து, மேசைக்கு அடியில் தண்ணீர் ஓடியது.

“அழாதீங்க, அழாதீங்க” என்றாள் மகராசி, முதுகைத் தடவி.

“இது கண்ணீர் இல்லைங்க” என்றாள் குச்சி. “இடுப்பு.”

பிறகு குச்சி கவுனின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக ஸ்பாஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தாள். வலது இடுப்பு, இடது இடுப்பு, பின்பக்கம். கடைசியாகத் தோள்பட்டைகள். அலுவலர் அதைப் பார்த்து சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டு, துண்டு எடுத்துவரப் போனார். துப்புரவு அம்மா பொறுமையாகத் துடைத்து முடித்துவிட்டுக் கிளம்பினார்.

எல்லாவற்றையும் குச்சி சொன்னாள். கடிதத்தின் நாலாவது வரி, பெல்ட், சுருக்குச் சட்டை, ரெண்டு பேராகப் பார்த்த பெரியவர், பெஞ்சு. சொல்லச் சொல்ல மகராசி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குச்சியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நோய்க்கு முன்னால் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டாள். கணவர் ஃபோனில் ஒரு பழைய படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். கல்யாணமான புதிதில் கடற்கரையில் எடுத்தது. குச்சி குச்சியாகவே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மகராசி படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“அப்படியே திரும்பி வந்திருக்கீங்க” என்றாள். “எனக்கு இது போதும்ங்க.”

இப்போது குச்சியால் அடக்க முடியவில்லை. இந்த முறை நிஜமாகவே கண்ணீர். இந்த இரண்டு வருடத்தில் ஏறிய படிகளையும், சாப்பிட்ட சாப்பாட்டையும், போட்ட சண்டைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எல்லாம் நீங்கள் கொடுத்தது என்றாள். கணவர் எழுந்து கும்பிட்டுவிட்டு, உங்கள் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

மேசைமேல் குவிந்திருந்த ஸ்பாஞ்சைப் பார்க்கப் பார்க்கத்தான் குச்சிக்குக் கூசியது.

“ஊரையெல்லாம் விட்டுட்டு, உயிர் குடுத்த உங்ககிட்டயே வந்து பொய்யான உடம்பைக் காட்டி நின்னேனே. என்னை மன்னிச்சிடுங்க.”

மகராசி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்தவள் முகம் சிவந்து, பக்கத்தில் இருந்த தன் கணவரைப் பார்த்தாள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர்தான். அவர் எழுந்து போய், அலுவலர் வருகிறாரா என்று தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்தினார்.

“மன்னிப்பெல்லாம் கேக்காதீங்கம்மா” என்றார் தணிந்த குரலில். “எடை ரெண்டு கிலோ குறையுது, எடுக்க மாட்டோம்னு இவளை முதல் தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மறுவாரம் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ரெண்டைப் பாவாடைக்குள்ள வெச்சுக் கட்டிக்கிட்டுப் போய் நின்னுதான் உங்களுக்குக் குடுத்தா.”